பலாப்பழத்தில் ஜெயித்த கை

கண்ணால் பார்த்து ஒரு பொருளை வாங்குகிற ஆள் இல்லை அவர். தூக்கிப் பார்ப்பார். குடம், குத்துவிளக்கு, கைப்பேசி எதுவானாலும் முதலில் அவர் கைக்குப் போக வேண்டும். கல்யாணப் பத்திரிகை வந்தால் உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்துவிட்டு, "பரவால்ல, செலவு பண்ணியிருக்கான்" என்பார். யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்பதை அவர் மனைவி பிறகு படித்துச் சொல்ல வேண்டும்.

நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாணத்தில் மேடையேறி, மணப்பெண்ணின் ஆரத்துக்கு அடியில் கையைக் கொடுத்து நிமிர்த்தினார். ஆரத்தோடு பெண்ணின் கழுத்தும் கூடவே வந்தது. "கல்லுதான் ஜாஸ்தி, தங்கம் கம்மி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, ஆசீர்வாதம் செய்துவிட்டு இறங்கினார். இரண்டு வீட்டாரில் யாரும் சண்டைக்கு வரவில்லை. அவர் வைத்த மொய் அப்படிப்பட்டது.

காரணம் இல்லாமல் வந்த பழக்கம் இல்லை. பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் தூக்கிப் பிழைப்பைத் தொடங்கியவர். பழத்தைத் தூக்கியதும் எடையைச் சொல்லிவிடுவாராம். தராசு பிறகு வந்து ஆமாம் போடுமாம். கனமான பழத்தில் சுளை அதிகம், லேசான பழத்தில் சக்கை அதிகம். இந்த ஒரே உண்மையை வைத்துக்கொண்டு அவர் தோப்பு வாங்கினார், லாரி வாங்கினார், கம்மாபுரம் பக்கம் சுரங்க வேலைக்கு மண் அள்ளும் வண்டிகளை வாடகைக்கு விட்டார். பலாப்பழத்தில் ஜெயித்த கை, அதற்குப் பிறகு உலகம் முழுவதையும் பலாப்பழமாகவே தூக்கியது.

மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் கட்டிய வீட்டுக்கு, தேக்கிலேயே கனமான தேக்காகத் தேடி வாசல் கதவு போட்டார். கதவின் கனம் தாங்காமல் கீல் இறங்கிவிட்டது. மாவட்டத்திலேயே பெரிய கதவு வைத்திருக்கும் குடும்பம் சமையலறை வழியாகத்தான் வெளியே போய் வந்தது.

மகளுக்கு இரண்டு வரன் வந்தன. ஒருவர் கல்லூரி ஆசிரியர், ஒல்லியானவர். "ஃபேன் போட்டா இந்தப் புள்ள நிக்குமா?" என்று அந்த வரனை முடித்துவிட்டார். அடுத்தவர் சிதம்பரத்தில் அரிசி மில் வைத்திருப்பவரின் மகன். படியேற உதவுவதுபோல முழங்கையைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்த்திருக்கிறார். தூக்க முடியவில்லை. அன்றே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். மாப்பிள்ளை இன்றுவரை மில்லில் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மூட்டைகளாவது லோடு ஏறி வெளியே போகின்றன.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அப்பா அவருடைய டிரைவர்.

ஊரே அவரை மாமா என்று கூப்பிட்டது. அப்படிக் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்கும். ஆனால் அந்த மாமா எங்கள் தெருவுக்குக் கிடையாது. எங்கள் தெருவிலிருந்து போகிறவர்கள் மொதலாளி என்று சொல்ல வேண்டும். நான் இரண்டும் சொல்லவில்லை. சிதம்பரத்தில் நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்துவிட்டு வந்ததில் எனக்குக் கிடைத்த முதல் லாபம் 'சார்' என்ற சொல். அதில் மரியாதை இருந்தது, உறவும் இல்லை, கும்பிடும் இல்லை. அவருக்கு அது உறுத்தியது. "இன்னா பாப்பா, பாங்க்குல கூப்புடறாப்புல கூப்புடற" என்பார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அதோடு சரி. நான் பட்டம் வாங்கியதும் ஸ்வீட் டப்பாவோடு என்னை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் முதலில் டப்பாவைத் தூக்கிப் பார்த்தார், பிறகு பட்டத்தை. கையில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "நாலு வருஷம் படிக்க வச்சதுக்கு ஒரே ஒரு அட்டயாடா குடுத்தானுங்க?" என்றார். அப்பா சிரித்தார். நான் அட்டையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

செம்மண்டலத்தில் டயரும் வீலும் விற்கும் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. எந்த வண்டிக்கு எந்த வீல் பொருந்தும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" என்பார்கள். "இருக்காங்க, டீ வாங்கப் போயிருக்காங்க. உங்களுக்கு டீயா, வீலா?" என்பேன். கடைக்காரர் என்னை இரண்டு முறை கண்டித்திருக்கிறார். ஆனால் நான் சொன்ன வீல் எதுவும் திரும்பி வந்ததில்லை என்பதால் அதோடு விட்டுவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் வெளிநாட்டு எஸ்யூவி ஒன்றை வாங்கினார். அதைத் தூக்கிப் பார்க்க முடியவில்லை என்பதாலேயே அந்த வண்டியின் மேல் அவருக்கு அளவில்லாத மரியாதை. ஆனால் சிதம்பரத்துச் சம்பந்தியும் அதே வண்டியை வைத்திருந்தார். அதோடு நிற்காமல், கம்பெனி வீலைக் கழற்றிவிட்டு லைட்வெயிட் வீல் போட்டிருந்தார். ஒரு நாள் இவர் என் அப்பாவை ஓட்டச் சொல்லித் தன் வண்டியில் எங்கள் கடைக்கு வந்து இறங்கினார்.

"எனக்கு லைட்வெயிட் வீலு வேணும். விருந்துக்குக் கூப்ட்டு சோறு போட்டுட்டு, அந்தாளு வீலப் பத்தியே பேசறாரு. அவுரு போட்டிருக்கறது இன்னா லேசோ, அதவிட லேசா வேணும்."

நான் அந்த வண்டிக்குச் சரியான ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தேன். நல்ல வீல். அழகாகவும் இருந்தது. அவர் ஒரு கையால் தூக்கினார். முகம், பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டது என்று கேட்டவர் முகம்போல் ஆகிவிட்டது.

"இன்னா இது, காலியா இருக்குது?"

"இதான் சார் லைட்வெயிட்."

விலையைக் கேட்டார். சொன்னேன். பக்கத்தில் இருந்த சாதாரண வீலைத் தூக்கி அதன் விலையையும் கேட்டார். அது பாதிகூட இல்லை. என்னை விட்டுவிட்டுக் கடைக்காரரிடம் திரும்பினார்.

"ஏம்பா, பொருளு கம்மி, காசு ஜாஸ்தியா? பழத்துல சொளைய நீ எடுத்து வச்சிக்கினு தோல எந்தலைல கட்டறியா?"

நான் விளக்கினேன். சாதாரண வீல் அலுமினியத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்வது. இது கட்டி அலுமினியத்தைப் பெரிய பிரஸ்ஸில் அழுத்திச் செய்வது. அழுத்தி இறுக்கியதால் குறைந்த உலோகத்திலேயே அதிக பலம் கிடைக்கும். வீல் கனமாக இருந்தால் அதைத் தூக்கித் தூக்கிப் போட்டே வண்டி களைத்துப்போகும். பள்ளத்தில் இறங்கும்போது அந்த அடியெல்லாம் உட்கார்ந்திருப்பவர் முதுகுக்கு வரும்.

"எல்லாம் சரி பாப்பா. கனமா இருந்தாத்தான் பழம்."

"பழம் மரத்துல தொங்கறது சார். வீலு ஓடணும்."

டயர் மாட்டுகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. வண்டியின் ஓரமாக நின்றிருந்த அப்பாவும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

இப்போது அவருக்கு ஒரு சிக்கல். சம்பந்தியிடம் லைட்வெயிட் என்று சொல்ல வேண்டும். ஆனால் கையில் எடுத்தால் காசுக்குக் கனம் தெரிய வேண்டும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இந்தத் தொழிலில் அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டிராத ஓர் ஆர்டரைக் கொடுத்தார்.

"பேரு லைட்வெயிட்டுன்னு இருக்கட்டும். தூக்குனா கனமா இருக்கணும்."

"இருக்குது மாமா!" என்றார் எங்கள் கடைக்காரர். இல்லை என்ற சொல்லை அவர் எந்த வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை. உள்ளேயிருந்து ஒரு டூப்ளிகேட் செட்டை உருட்டிக்கொண்டு வந்தார்கள். விலை உயர்ந்த வீலின் அதே டிசைன், குரோம் பளபளப்பு, லைட்வெயிட் என்று பெரிய ஆங்கில எழுத்தில் பொறித்தும் இருந்தது. அவர் இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்து, நெற்றி நரம்பு புடைக்கத் தூக்கினார்.

"ஆங்! இது வீலு!"

நான் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். ஒரு வீல் எவ்வளவு எடை தாங்கும் என்று பின்னால் ஓர் எண் போட்டிருப்பார்கள். இதில் அந்த இடம் வழுவழு என்று இருந்தது.

"இது சின்னக் காருக்கே சந்தேகம் சார். இந்த வண்டிக்குத் தாங்காது."

"இவ்ளோ கனமா இருக்குது, தாங்காதா?"

"கனம் வேற, பலம் வேற சார். ஊத்தறப்ப உள்ள காத்து நின்னுட்டா ஓட்ட ஓட்டயா இருக்கும். வெளிய குரோம் போட்டா தெரியாது. ஒரு பள்ளத்துல வுட்டா வெடிச்சிடும்."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "ஒன் பட்டம் எத்தினி கிராம் இருந்திச்சி பாப்பா?"

இந்த முறை கடை முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார், சம்பளம் வாங்குகிறவர் சிரிக்க வேண்டிய அளவுக்கு.

நான் மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் சாப்பிடப் போன நேரத்தில் கடைக்காரர் ஆள் வைத்து மாட்டிக் கொடுத்துவிட்டார். கழற்றிய கம்பெனி வீல்கள் எங்கள் கடையிலேயே இருந்தன. அன்று வீட்டில் அப்பாவிடம், "அந்த வண்டிய நீ ஓட்டாதப்பா" என்றேன்.

"ஓட்டாம? மொதலாளி தள்ளிக்கினு போவாரா?"

"ஒடஞ்சிதுன்னா ஒன்னத்தான் சொல்லுவாரு."

"சொல்லமாட்டாரு பாப்பா. எம்மாங் காலமா ஓட்றேன்."

அது உண்மை. அப்பா ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. மற்ற டிரைவர்கள் வீடு கட்டினார்கள், ஆட்டோ வாங்கி விட்டார்கள். அப்பா சேர்த்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான். டிரைவர் பேர் ஒருமுறை கெட்டால் போதும், இங்கிருந்து சிதம்பரம் வரைக்கும் எந்த வீட்டிலும் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார்கள்.

அவர் மகள் வயிற்றுப் பேரனுக்குச் சிதம்பரத்தில் காது குத்து வந்தது. தாத்தா வீட்டுச் சீர் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பித்தளை அண்டா, தவலை, ஆளுயரக் குத்துவிளக்கு. டிக்கியில் அண்டா பிடிக்கவில்லை என்று அங்கிருந்த ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறார்.

முற்பகல் கடைக்குப் போன் வந்தது. புதுச்சத்திரம் தாண்டி, ரோடு வேலைக்காக மண் பாதையில் திருப்பிவிட்டிருந்த இடத்தில் முன் வீல் உடைந்து வண்டி நிற்கிறது. யாருக்கும் அடியில்லை. கடைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நீ போம்மா. நீ படிச்சவ, பக்குவமா பேசுவ" என்றார். என் படிப்பு அந்தக் கடையில் அவசரத்துக்கு எடுக்கும் ஜாக்கிபோல. கம்பெனி வீலையும் ஓர் ஆளையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனேன்.

வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பாரம் குறைக்கப் பாத்திரங்களையெல்லாம் இறக்கிச் சாலையோரம் வரிசையாக வைத்திருந்தார்கள். அதற்குள் இரண்டு பேர் வண்டியை நிறுத்தி விலை கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர் அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"பள்ளம் இருந்தா எறங்கிப் பாக்கணும்டா! கண்ணு எங்க வச்சிருந்த?"

"அவுரு மெதுவாத்தாங்க வந்தாரு" என்றார் அவர் மனைவி.

"நீ சும்மா இரு. ஒனக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்?"

நான் வீலைக் கழற்ற வைத்துப் பார்த்தேன். மூன்று ஆரக்கால் விட்டுப் போயிருந்தன. விரிசலுக்குள் அலுமினியம் ஆப்பத்தின் நடுப்பகுதிபோலப் பொத்தல் பொத்தலாக இருந்தது. அவரிடம் காட்டினேன். குனிந்து பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார். அப்போது அவருடைய போன் அடித்தது. சம்பந்தி நேரில் கிளம்பி வந்துகொண்டிருக்கிறார், பி.முட்லூர் தாண்டிவிட்டார்.

போனை வைத்ததும் அவர் குரலே மாறிவிட்டது. அப்பாவின் தோளில் கை வைத்தார். அதற்கு முன் அவர் அப்பாவைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"டேய், அவுரு வந்து கேட்டாருன்னா, கொஞ்சம் கண்ணசந்துட்டேன்னு சொல்லிடு. இன்னா?"

அப்பா தலையாட்டினார். "சரிங்க மொதலாளி."

தூங்கிய டிரைவர். அதற்கு மேல் ஒரு டிரைவரைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. அதை அப்பாவின் வாயாலேயே, சிதம்பரத்து உறவுக் கூட்டத்துக்கு முன்னால் சொல்லச் சொல்கிறார்.

"அப்பா தூங்கல சார்."

"எனக்குத் தெரியாதா பாப்பா? ஒரு வார்த்ததான. நான் இன்னா வேலைய வுட்டா நிறுத்தப்போறேன்?"

"அவரு தூங்கிட்டேன்னு சொன்னா, நான் ஒங்க சம்பந்திகிட்ட இது இன்னா வீலுன்னு சொல்லுவேன். நான் வேணான்னு சொன்னதையும், நீங்க எப்படிக் கேட்டு வாங்குனீங்கன்றதையும் சொல்லுவேன். அவருக்கு வீலப் பத்தி நல்லாத் தெரியும்னு நீங்கதான் சொன்னீங்க."

"பாப்பா!" என்றார் அப்பா.

"நீ இருப்பா."

அவர் சாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சாலையைப் பார்த்தார்.

"அப்ப நான் இன்னாதான் சொல்றது?"

"அப்பா மேல தப்பு இல்லன்னு சொல்லுங்க. மிச்சத்த எப்படி வேணா சொல்லிக்குங்க."

சம்பந்தியின் வண்டி வந்து நின்றது. பின்னாலேயே இன்னும் இரண்டு வண்டிகள். எல்லோரும் இறங்கினார்கள். அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஓடிப்போய்ச் சம்பந்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் சம்பந்தி இந்த லைட்வெயிட்ட மாட்னேன். லேசுப் பொருள நம்பலாமா? நூறுல வந்துக்கினு இருக்கறோம், மடார்னு வுட்டுட்டுது. இந்தாண்ட டேங்கர், அந்தாண்ட வாய்க்கா. இவன் மட்டும் இல்லன்னா இன்னிக்கிக் காது குத்து இல்ல, கருமாதி! ஒரு கையில ஸ்டியரிங்க ஒடிச்சி, அப்படியே புள்ளையத் தொட்டில்ல கெடத்தறாப்புல கொண்டாந்து நிறுத்துனான். இவனாட்டம் டிரைவரு மெட்ராசுல கெடயாது."

அந்த மண் பாதையில் டேங்கர் எதுவும் வரவில்லை. வாய்க்காலும் இல்லை. அவர் மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். சம்பந்தி அப்பாவின் கையைக் குலுக்கினார். பிறகு திரும்பித் தன் வண்டியின் வீலைச் சந்தேகமாகப் பார்த்தார்.

நான் நான்கு வருடம் படித்ததை அவர் ஒரே மூச்சில் பொய்யாக்கிவிட்டார். அந்தச் சாலையில் இருந்ததிலேயே கனமான வீலை லேசு என்று சொன்னார், உலகத்திலேயே நல்ல வீலைக் கெட்டது என்று சொன்னார். எனக்கு நாக்குத் துடித்தது. ஆனால் பேசிய பேச்சு பேச்சுதான். குனிந்து நட்டுகளை முடுக்கினேன், தேவைக்கு மேலேயே முடுக்கினேன்.

சில நாள் கழித்துச் சம்பந்தி எங்கள் கடைக்கு வந்தார். தன் வீல்களைக் கழற்றிவிட்டு நல்ல கனமானதாகப் போடச் சொன்னார். கழற்ற வேண்டாம் என்று அவரை நம்ப வைக்க எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று. கிளம்பும்போது, "அந்த டிரைவர் உங்கப்பாவாமே?" என்று கேட்டார். அந்த வார முடிவில் அவருடைய ஆள் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல சம்பளம், சிதம்பரத்தில் தங்க அறை.

அப்பா இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தார். "மொதலாளி சோறு போட்டவரு பாப்பா" என்றார்.

"நீ ஓட்டுன, அவரு போட்டாரு. சும்மாவாப்பா போட்டாரு?"

சாவியைக் கொடுக்க அப்பா போனபோது நானும் கூடப் போனேன். அவர் முற்றத்தில் அந்த எஸ்யூவியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. சம்பந்தியிடம் சண்டை போட முடியாது. நடுரோட்டில் சொன்னதை இல்லை என்றும் சொல்ல முடியாது. அவரைப் பார்க்க எனக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் பாவமாக இருந்தது. வாயைத் திறந்து அதையும் கெடுத்துக்கொண்டார்.

"ஏன்டா, சம்பந்தி முன்னால மானம் போவக் கூடாதுன்னு அன்னிக்கி ரெண்டு வார்த்த கூட்டிச் சொன்னேன். நூறுலயாடா வந்தோம்? மாட்டு வண்டியாட்டம் வந்தோம். அதப் போயி நீயும் நம்பிட்டுக் கெளம்பறியே?"

அப்பா சாவியை பானட்டின் மேல் வைத்தார்.

"நான் நம்பல மொதலாளி. அவுங்க நம்பிட்டாங்க."